மவுஸ் யார் கையில்? ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கும் ஒரு கணினி அறையும்

தமிழ்நாட்டின் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில், 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஆறாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தில் நடந்தது இது. ஊர், பள்ளி, பிள்ளைகள் யாருடைய பெயரையும் எழுதவில்லை. நான் அங்கே அறிவியல் நடத்துகிறேன். கணக்கு ஆசிரியை என்னைவிடப் பல வருடம் மூத்தவர். வகுப்பு அவருடையது, குறிப்பேடு மட்டும் என்னுடையது. அவர் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்திய பிறகுதான் இதை வெளியே விடுகிறேன்.

பின்னணி

வகுப்பில் 36 பேர். இவர்கள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, 2020 மார்ச்சில், பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-இல். இரண்டாம் வகுப்பில் வீட்டுக்குப் போன பிள்ளைகள் நான்காம் வகுப்பாகத் திரும்பி வந்தார்கள். நடுவே கழித்தலில் கடன் வாங்குவதும் வாய்ப்பாடும் பாதியில் நின்றவர்கள் நிறைய. நான்கு பேருக்குப் பாடநூல் வாக்கியத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்.

கணினி அறையில் பத்து கணினிகள். ஏழு ஓடும். எட்டாவது ஓடும், ஆனால் அதற்கு கீபோர்டு இல்லை. அறைக்கு ஒரு பதிவேடு உண்டு: தேதி, வகுப்பு, பாடவேளை, நடத்திய பாடம், ஆசிரியர் கையொப்பம். அந்தப் பதிவேட்டில் வெற்றுப் பக்கம் இருக்கக் கூடாது என்பதில் எங்கள் தலைமை ஆசிரியர் கண்ணும் கருத்துமாக இருப்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

மூன்றாம் பருவக் கணக்கில் முதல் பாடம் பின்னங்கள். பாடம் தொடங்கும் முன் ஆசிரியை ஒரு தாளில் பத்து கேள்வி கொடுத்தார். 1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்பது அதில் ஒன்று. 23 பேர் 1/4 என்று எழுதியிருந்தார்கள். காரணம் கேட்டால், நான்கு மூன்றைவிடப் பெரியதுதானே மிஸ் என்றார்கள். பகுதி எண்கள் வேறுபடும் கூட்டல் ஒன்று இருந்தது. அதைச் சரியாகச் செய்தவர்கள் ஐந்து பேர்.

இந்தப் பாடத்தைக் கணினி அறையில் நடத்திப் பார்க்கலாம் என்ற யோசனை என்னுடையது. ஆசிரியை உடனே தலையாட்டவில்லை. "சார், நான் கரும்பலகையில வட்டம் போட்டே நடத்திடுவேன். ஆனா பதினாலு வருஷமா அதே வட்டம்தான், அதே தப்புதான்" என்றார். சரி, பார்த்துவிடுவோம் என்று முடிவானது.

முதல் மூன்று வாரம்: நட்சத்திரங்கள்

வாரத்துக்கு இரண்டு கணக்குப் பாடவேளைகளைக் கணினி அறைக்கு மாற்றினோம். அங்கே ஏற்கெனவே ஏற்றிவைத்திருந்த வினாடி வினா மென்பொருள் ஒன்று இருந்தது. ஒரு கேள்வி வரும், கீழே நான்கு விடை. தவறானதைத் தொட்டால் அது சாம்பல் நிறமாகிவிடும், மறுபடி தொடலாம். சரியானதைத் தொட்டால் ஒரு நட்சத்திரம் விழும், கூடவே ஒரு மணியோசை. பத்து நட்சத்திரம் சேர்ந்தால் திரையில் பட்டாசு வெடிக்கும்.

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. கணினி நாள் என்றால் வருகை கூடியது. திங்கட்கிழமை வழக்கமாக மட்டம் போடும் ஒரு பையன் இரண்டு திங்களும் முதல் மணிக்கே வந்து நின்றான். பட்டாசுச் சத்தம் பக்கத்து வகுப்புவரை கேட்டது. மூன்றாம் வாரக் கடைசியில் திரைகளில் இருந்த மதிப்பெண்ணைக் குறித்தோம். எல்லாக் கணினியிலும் பத்துக்கு எட்டுக்கு மேல். நான் படம் எடுத்துப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைதட்டல்கள் குவிந்தன. அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு மவுஸின் மேலும் யாருடைய கை இருக்கிறது என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

தாளில் வந்த விடை

நான்காம் வாரம் ஆசிரியை அதே கேள்விகளைத் தாளில் கொடுத்தார், நான்கு விடைகள் இல்லாமல். திருத்திய கட்டை ஆசிரியர் அறை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார். நான் எடுத்துப் பார்த்தேன். மேலே இருந்தது கணினி அறையில் எப்போதும் முதலில் பட்டாசு வெடிக்கவைக்கும் பையனின் தாள்.

1/4 + 1/3 = 2/7.

மேலோடு மேலைக் கூட்டி, கீழோடு கீழைக் கூட்டியிருக்கிறான். விடை 7/12. இதே கேள்விக்குத் திரையில் அவனுக்கு நட்சத்திரம் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். மற்ற தாள்களும் அப்படித்தான். 1/3, 1/4 கேள்வியில் 21 பேர் தவறு. மூன்று வாரத்தில் குறைந்தது இரண்டு பேர்.

தேர்வுத் தாள் என்றதும் பயந்துவிட்டார்கள், அதுதான் காரணம் என்று நான் முதலில் சொன்னேன். யோசனை என்னுடையதாயிற்றே, எளிதில் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆசிரியை ஒப்புக்கொள்ளவில்லை. "பயந்தா வெறும் தாள் குடுப்பாங்க சார். இவங்க தைரியமா தப்பு பண்ணியிருக்காங்க" என்றார். அந்த வாக்கியம்தான் என்னை உட்காரவைத்தது. அடுத்த மூன்று கணினி வகுப்புகளுக்கும் நான் எதையும் நடத்தாமல், பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் குறிப்பேட்டோடு உட்கார்ந்து பார்ப்பது என்று ஏற்பாடு.

முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தது

முதலில் நேரம். பாடவேளை 40 நிமிடம். வரிசையாகப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, இடம் பிடித்து, கணினி விழித்தெழுந்து, முதல் கேள்வி திரைக்கு வர 12 நிமிடம் போனது. மீதி 28.

அடுத்தது மவுஸ். 36 பேருக்கு ஏழு கணினி என்றால் ஒன்றுக்கு ஐந்து பேர், ஒன்றில் மட்டும் ஆறு. நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, ஜன்னலோரக் கணினியில் மவுஸ் யாரிடம் என்று கோடு போட்டேன். 28 நிமிடத்தில் 23 நிமிடம் ஒரே பையன். மீதி ஐந்து அவன் பக்கத்து இருக்கைக்காரன். மற்ற மூன்று பேருக்கும் ஒரு கோடுகூட இல்லை. மூவரும் பெண் பிள்ளைகள். நாற்காலி இரண்டுதான் என்பதால் நின்றுகொண்டிருந்தார்கள். மற்றக் கணினிகளையும் இப்படி எண்ணிப் பார்த்தேன். பெண் பிள்ளைகள் மட்டுமே இருந்த ஒரு கணினியைத் தவிர எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். அந்த ஒன்றிலும் மவுஸ் மூன்று பேரைத் தாண்டவில்லை.

மூன்றாவது அந்தப் பட்டாசுப் பையன் விளையாடிய விதம். அவன் கேள்வியைப் படிப்பதே இல்லை. முதல் விடையைத் தொடுவான். சாம்பல் நிறம். இரண்டாவது. சாம்பல் நிறம். மூன்றாவதில் மணியோசை. ஒரு கேள்வி நான்கைந்து நொடியில் முடிந்துவிடும். எத்தனையாவது முயற்சியில் சரியானதைத் தொட்டாலும் முழு நட்சத்திரம் தருகிற மென்பொருளில் இதைவிடப் புத்திசாலித்தனமான வழி கிடையாது. அவன் ஏமாற்றவில்லை. அந்த விளையாட்டு எதற்குப் பரிசு கொடுக்கிறது என்பதை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டான், அவ்வளவுதான்.

நான்காவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டாம் நாள், அதே ஜன்னலோரக் கணினி. திரையில் 3/4 + 1/2. கீழே 4/6, 4/8, 5/4, 3/8. பையன் 4/6-ஐத் தொட்டான், சாம்பல் நிறம். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி மெதுவாக, "ஒண்ணேகால்" என்றாள். அவன் திரும்பாமலே, "அப்படி ஒரு ஆப்ஷனே இல்ல" என்றபடி 4/8-ஐத் தொட்டான். பிறகு 5/4. மணியோசை. அவள் சொன்னதும் அதுதான் என்பது அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. நட்சத்திரம் அவன் கணக்கில் ஏறியது. அடுத்த கேள்வி வந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கூப்பிட்டு, ஒண்ணேகால் எப்படி வந்தது என்று கேட்டேன். ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று பயந்தாள். பிறகு சொன்னாள். அம்மா பேருந்து நிலையத்தில் பூ விற்கிறார். சாயங்காலம் இவளும் கூட உட்கார்ந்து கட்டுவாள், அளந்து கொடுப்பாள். "முக்கால் முழத்தோட அரை முழம் சேர்த்தா ஒண்ணேகால் முழம் சார்." ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அவளுடைய தாளை எடுத்துப் பார்த்தேன். அதே 3/4 + 1/2-க்கு 4/6 என்று எழுதியிருந்தாள். அப்படியானால் முக்கால் முழத்தைவிடச் சின்னதாகிவிடுமே, அரை முழம் சேர்த்த பிறகு குறையுமா என்று கேட்டேன். தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது கணக்கு சார், அது பூ" என்றாள்.

ஐந்தாவதாக, எழுத்துக்கூட்டிப் படிக்கும் நான்கு பேர். ஹெட்போன் மாட்டி அமைதியாக உட்கார்ந்திருந்ததால் முதல் மூன்று வாரமும் அவர்களை ஒழுங்கான பிள்ளைகள் என்று நினைத்திருந்தோம். ஹெட்போனில் மணியோசையைத் தவிர எதுவும் வரவில்லை. கேள்வியைப் படித்துச் சொல்லும் வசதி அந்த மென்பொருளில் கிடையாது.

வாசித்துப் பார்த்த ஆய்வுகள்

சனிக்கிழமை ஒன்றில் இருவரும் உட்கார்ந்து, இந்த மாதிரி முயற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தோம். எங்கள் நிலைமைக்கு நெருக்கமாக வந்தவை இந்தியாவிலேயே நடந்தவைதான்.

குஜராத்தில் லீ லிண்டன் செய்த ஆய்வு 2008-இல் வந்தது. ஆசிரியர் நடத்தும் நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தபோது பிள்ளைகள் கற்றது குறைந்தது. வகுப்புக்கு வெளியே கூடுதல் நேரமாகக் கொடுத்தபோது கூடியது. மென்பொருள் ஒன்றேதான். இதைப் படித்ததும் ஆசிரியை பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வாரத்தில் இரண்டு கணக்குப் பாடவேளையை நான் கேட்டு வாங்கியது இருவருக்கும் ஞாபகம் வந்தது.

வதோதராவின் மாநகராட்சிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள், ஒரு கணினிக்கு இரண்டு பேராக, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகள் விளையாடினார்கள். பானர்ஜி, டுஃப்லோ குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. கணக்கில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. திட்டம் முடிந்து ஓராண்டில் அதில் பெரும்பகுதி மங்கியும் போனது. எங்களுக்கு அதில் பளிச்சென்று பட்டது 'இரண்டு பேர்' என்பது. நாங்கள் ஐந்து பேரை நிறுத்தியிருந்தோம்.

டெல்லி ஆய்வு இன்னும் பொருத்தம். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், கனிமியன் மூவரும் 2019-இல் வெளியிட்டது. 619 மாணவர்கள், நாலரை மாதம், பள்ளி முடிந்த பிறகு மையங்களில். கணக்கிலும் இந்தியிலும் நல்ல பலன். செய்திகளில் மென்பொருளின் பெயர்தான் பெரிதாக அடிபட்டது. கட்டுரையைப் படித்தால், ஒன்றரை மணி நேரத்தில் பாதிதான் கணினி, மறுபாதி சிறு குழுவாக ஓர் ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. அந்த மென்பொருளும் எல்லோருக்கும் ஒரே கேள்வியைக் கொடுக்கவில்லை. பிள்ளை எந்த வகுப்பு நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கியது. பெயரளவில் ஆறாம் வகுப்பு, கணக்கில் மூன்றாம் நான்காம் வகுப்பு என்ற நிலைமை அங்கேயும் இருந்திருக்கிறது. நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் பேசியபோது சமூக அறிவியல் நண்பர் ஒருவர் எதிர்வாதம் வைத்தார். 1999-இல் டெல்லி கால்காஜியில் சுவரில் கணினியைப் பதித்துவிட்டு கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா ஒதுங்கிக்கொண்டார், குடிசைப் பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொண்டார்களே, நீங்கள் ஏன் பின்னால் உட்கார்ந்து கோடு போடுகிறீர்கள் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அதே மித்ரா பிறகு சுனாமி பாதித்த காளிக்குப்பத்தில் தமிழ்ப் பிள்ளைகளிடம் செய்த பரிசோதனையில், தனியாக விட்டபோது ஓரளவுதான் கற்றார்கள். பாடம் தெரியாவிட்டாலும் பக்கத்தில் நின்று 'அட, எப்படிச் செய்தாய்' என்று கேட்க ஓர் ஆள் வந்த பிறகு இன்னும் மேலே போனார்கள். ஆள் வேண்டாம் என்பதற்குக் காட்டப்படும் பெயரே ஆள் வேண்டும் என்பதற்கும் சாட்சியாக நிற்கிறது. நண்பர் சிரித்துவிட்டு, மவுஸ் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் என்று சொன்னார்.

எடுத்த முடிவுகள்

பிப்ரவரி நடுவில் நான்கு மாற்றங்கள் செய்தோம்.

பறித்த பாடவேளைகளில் ஒன்றைக் கணக்குக்கே திருப்பிக் கொடுத்தோம். பள்ளி முடிந்த பிறகு கணினி அறையைத் திறந்து வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம், ஆய்வுகளும் அதைத்தான் சொல்லின. ஆனால் 12 பிள்ளைகள் பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள். 4:40 வண்டியை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகு. பெண் பிள்ளைகளை நிறுத்திவைக்க எந்த வீட்டிலும் சம்மதிக்கமாட்டார்கள், கேட்பதும் முறையில்லை. அதனால் மீதியிருந்த ஒரு பாடவேளையில் வகுப்பை இரண்டாகப் பிரித்தோம். 18 பேர் என்னோடு கணினி அறைக்கு, 18 பேர் ஆசிரியையோடு வகுப்பறையில். அடுத்த வாரம் மாற்றி. எனக்கு அந்த வேளை ஓய்வு. இந்த ஏற்பாட்டின் முழுச் செலவும் அதுதான். ஏழு கணினிக்கு 18 பேர் என்றால் மூன்று கணினியில் இருவர், நான்கில் மூவர்.

வினாடி வினாவை நிறுத்தினோம். பாடநூலில் ஒவ்வொரு பாடத்தின் பின்னும் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பெட்டி இருக்கும், படி 1, படி 2 என்று போட்டு, கணக்குப் படங்களை வரைந்து நகர்த்திப் பார்க்கும் மென்பொருளான ஜியோஜீப்ராவுக்குப் போகச் சொல்லும். அதை அப்படியே செய்தால், புத்தகத்தில் உள்ள படம் திரையிலும் வந்ததும் 'வந்துடுச்சு சார்' என்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். ஆகவே அதே ஜியோஜீப்ராவில் ஆசிரியை தானே ஒரு பட்டையை வரைந்தார். ஒரு முழம் என்று பெயர் போட்ட நீளப் பட்டை, கீழே அதை எத்தனை துண்டாக வேண்டுமானாலும் வெட்டும் நகர்த்தி (ஸ்லைடர்). இரண்டு பட்டைகளை ஒட்டி வைத்து நீளம் பார்க்கலாம். பூக்கட்டும் பெண் சொன்னதை நான் வந்து சொன்ன அன்று இரவே அவர் இதைச் செய்துவிட்டார்.

மூன்றாவது, முதலில் நோட்டு, அப்புறம் மவுஸ். எது பெரியது, கூட்டினால் எவ்வளவு வரும் என்பதை நோட்டில் எழுதி, ஏன் என்று ஒரு வரியும் எழுதிய பிறகே பட்டையை நகர்த்த வேண்டும். நகர்த்திப் பார்த்துத் தவறென்றால் எழுதியதை அடிக்கக் கூடாது, சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும். நான்கு நிமிடத்துக்கு ஒரு விசில், மவுஸ் கைமாறும். விசிலைப் பட்டாசுப் பையனிடமே கொடுத்தோம்.

நான்காவது முடிவில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. எழுத்துக்கூட்டும் நான்கு பேரும் கணினி அறைக்கு வர வேண்டாம், அந்த வேளையில் தன்னுடன் வகுப்பறையிலேயே இருக்கட்டும், கூடுதல் கவனம் கிடைக்கும் என்றார் ஆசிரியை. எனக்கு மனம் ஒப்பவில்லை, என்றாலும் வகுப்பு அவருடையது என்று விட்டுவிட்டேன்.

அதன்பின்

நான்காவது முடிவு பத்து நாள்கூடத் தாங்கவில்லை. நால்வரில் ஒருவன் கணினி நாளன்று வயிற்றுவலி என்று வீட்டில் தங்கினான். அடுத்த முறையும் அதே வயிற்றுவலி. அவன் அம்மா வந்து, "எல்லாப் புள்ளையும் கம்ப்யூட்டர் தொடுது, என் புள்ள மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு சார்" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. பட்டையை நகர்த்த வாசிப்பே தேவையில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வினாடி வினாவை மனதில் வைத்து எடுத்த முடிவை, வினாடி வினாவை எடுத்த பிறகும் வைத்துக்கொண்டிருந்தோம். நால்வரும் மறுவாரமே கணினி அறைக்கு வந்தார்கள். ஏன் என்ற ஒரு வரியை அவர்கள் வாயால் சொன்னால் கூட இருப்பவர் எழுதினார்.

பூக்கட்டும் பெண் முதல் முறை மவுஸைப் பிடித்தபோது அதைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். மேஜையில் வைத்து நகர்த்த வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அதைக் கவனிக்காமலே மூன்று வாரம் ஓட்டியிருக்கிறோம். முழப் பட்டையை நான்காக வெட்டி மூன்றை வைத்து, இரண்டு துண்டைப் பக்கத்தில் ஒட்டினாள். ஐந்து கால் துண்டு. திரையில் மேலே 5/4 என்று எண் மாறியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினாள்: '5/4 என்றால் ஒன்னேகால்.' அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், வாட்ஸ்அப்பில் போடவில்லை.

மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் மின்சாரம் இல்லை. யூ.பி.எஸ். பத்து நிமிடத்தில் கைவிட்டது. ஆசிரியை பழைய காலண்டர் அட்டைகளைப் பட்டைகளாக வெட்டிக் கொண்டுவந்திருந்தார், இது நடக்கும் என்று அவருக்குத் தெரியும்போல. அன்றைக்குப் பிள்ளைகள் அட்டைப் பட்டையை மடித்தும் வெட்டியும் அதே வேலையைச் செய்தார்கள். உண்மையைச் சொன்னால், அன்றைய நோட்டுகள் கணினி நாள் நோட்டுகளுக்குச் சளைத்தவையாக இல்லை. ஏழால், ஒன்பதால் வெட்டுவதில்தான் அட்டை திணறியது, திரையில் அது ஒரு நகர்த்தல். நோட்டு, விசில், சிறு குழு இவற்றின் பலன் எவ்வளவு, கணினியின் பலன் எவ்வளவு என்ற கேள்வி அன்றிலிருந்து என்னைவிட்டுப் போகவில்லை.

மார்ச் கடைசியில் வேகம் குறைந்தது. ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல். பயிற்சி வகுப்புகளுக்கு நாங்கள் இருவரும் வெவ்வேறு நாளில் போனதில் கணினி வேளைகள் தவறின. பின்ன வகுத்தலைப் பட்டை வைத்து நடத்த நேரம் கிடைக்கவில்லை. கரும்பலகையில் 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று முடித்தார் ஆசிரியை.

பருவக் கடைசியில் அதே பத்து கேள்வி, எண்களை மட்டும் மாற்றி, தாளில். எது பெரியது என்ற கேள்வியில் தவறியவர்கள் 23-லிருந்து ஆறாகக் குறைந்தார்கள். பகுதி எண் வேறுபடும் கூட்டலில் சரியாகச் செய்தவர்கள் ஐந்திலிருந்து 17 ஆனார்கள். வகுத்தலில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. எழுத்துக்கூட்டும் நால்வரில் இருவர் ஒப்பிடும் கணக்கைச் சரியாகச் செய்தார்கள், கூட்டலை ஒருவரும் செய்யவில்லை.

பட்டாசுப் பையன் விஷயத்தில் எங்களுக்குத் திருப்தி இல்லை. நட்சத்திரம் போன பிறகு அவனுக்குக் கணினி அறையில் சுவாரசியம் போய்விட்டது. விசில் ஊதுவதை மட்டும் ஒழுங்காகச் செய்தான். நோட்டில் 'ஏன்' என்ற இடத்தில் 'தெரியும்' என்று எழுதுவான். கடைசித் தாளில் 2/7 வகைத் தவறு இல்லை, ஆனால் பாதிக் கேள்விகளை எழுதாமல் விட்டிருந்தான். தைரியமாகத் தப்பு செய்தவன் இப்போது எழுதவே தயங்குகிறான். இதை முன்னேற்றம் என்று எப்படிக் குறிப்பது?

மறுபடி செய்தால்

முதல் நாளிலேயே தாளில் ஒரு தேர்வும், முதுகுக்குப் பின்னால் ஒரு வகுப்பும். மூன்று வாரம் திரையில் இருந்த எண்ணை நம்பியது எங்கள் தவறு. மென்பொருள் காட்டும் மதிப்பெண் மென்பொருளுக்குத்தான் தெரியும்.

பக்கத்து 'ஆ' பிரிவை ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன எண்களை வைத்து, இன்ன காரணத்தால் இது நடந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. பருவம் முழுக்க ஆசிரியையும் நடத்தினார், பிள்ளைகளும் நான்கு மாதம் வளர்ந்தார்கள், அதே மாதிரிக் கேள்வியை மூன்று முறை பார்த்தார்கள். செயலாராய்ச்சி (ஆசிரியர் தன் வகுப்பிலேயே செய்து பார்க்கும் ஆய்வு) என்ற பெயரில் நாம் எழுதுகிற பலவற்றில் இந்தப் பத்தி இருப்பதில்லை.

ஒரு பாதியை அட்டைப் பட்டையிலும் மறு பாதியைத் திரையிலும் சில வாரம் நடத்திப் பார்க்க வேண்டும். அட்டையே போதும் என்று வந்தால் கணினி அறையைத் தட்டச்சுக்கும் வேறு பாடங்களுக்கும் விட்டுவிடலாம். என் ஓய்வு வேளையும் எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

பட்டாசுப் பையனுக்கு வேறு வேலை கொடுத்திருக்க வேண்டும். ஆசிரியை இதை வேறு மாதிரிச் சொன்னார்: அந்த வினாடி வினாவில் எந்த ஓட்டையைப் பயன்படுத்தினாய் என்று அவனையே வகுப்பில் விளக்கச் சொல்லி, ஓட்டை இல்லாத கேள்விகள் நான்கு எழுதிவரச் சொல்லியிருக்கலாம் என்று. அவர் திருத்திய இரண்டு இடங்களில் இது ஒன்று. நான் அவனைப் பற்றி எழுதியிருந்தது கொஞ்சம் கடுமையாக இருந்தது.

புதிய கல்வியாண்டில் கணினி அறைப் பதிவேட்டில் ஆசிரியை பென்சிலால் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டார்: மவுஸ் பிடித்தவர்கள் எத்தனை பேர். தலைமை ஆசிரியர் பார்த்துவிட்டு, இது அச்சடித்த பதிவேடு, ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றார். ஆசிரியை அழிக்கவில்லை. ஜூன் மாதப் பக்கத்தில் அந்தக் கட்டத்தை எங்கள் இருவரைத் தவிர தமிழ் ஐயாவும் நிரப்பியிருந்தார், ஒரு நாள் 11 என்றும், இன்னொரு நாள் 26 என்றும்.